மணிமேல் நந்தி, விளக்குமேல் அன்னம்

பழைய பூஜைச் சாமான் கடையில் எந்தச் சாமியானாலும் முதலில் தராசில் ஏற வேண்டும். யார், எவர் என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் சகோதரர்களே, ஜவுளிக் கடையில் புடவையைப் பிரித்துப் பிரித்து விரல் தேய்ந்தவர்களே, ஹோட்டலில் 'ரெண்டு சாதா' என்று கத்தியே தொண்டை கட்டிப் போனவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள். நான் நிற்பது மாதுங்காவில், மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், பழைய பித்தளையும் வெண்கலமும் வாங்கி, துலக்கி, ஒட்டி, விற்கும் கடையில். கைமணி, குத்துவிளக்கு, தூபக்கால், திருவாசி, சங்கு வைக்கும் கால் என்று யார் யார் வீட்டு முப்பாட்டன் காலத்துச் சாமானோ எங்கள் அலமாரியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மிருகமோ பறவையோ பூவோ இருக்கும். அது என்ன, ஏன் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பதில் சொல்வது என் வேலை.

முதலாளியை அண்ணாச்சி என்பேன். திருநெல்வேலிச் சைவர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வசவு. வாசலில் ரஹீம் பாய் துருத்தியும் ஈயமுமாக உட்கார்ந்து, உடைந்ததையெல்லாம் ஒட்டுவார். நடுவில் நான். வயது பதினேழு நடக்கிறது. பெயர் ஜெபராஜ். மடிசார் மாமிகள் வந்து போகிற கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நன்றாயிருக்காது என்று அண்ணாச்சி முதல் நாளே அதை ராஜு ஆக்கிவிட்டார். என்னைப் பம்பாய்க்குக் கூட்டி வந்த அண்ணன், கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தாராவியில் நாங்கள் இருந்த அறையை விட்டாயிற்று. இப்போது கடைப் பரண்தான் வீடு. வேலை போனால் கூரையும் போகும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் எனக்கு ஒரு வியாதி உண்டு: யார் பேசினாலும் அந்தக் குரல் என் தொண்டையில் வந்து குடியேறிவிடும், வாடகையும் தராது, காலியும் பண்ணாது.

மூக்கைப் பார்

கைமணியின் பிடிமேல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அந்த மணிக்கு ஜாதகம். நந்தி படுத்திருந்தால் அது சிவனைக் கும்பிடும் வீட்டு மணி. கருடனோ அனுமானோ கைகூப்பி இருந்தால், சங்கு சக்கரம் இருந்தால், பெருமாள் வீட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? "மூக்கைப் பாருலே. வளைஞ்சிருந்தா கருடன். வாய் முன்னால வந்திருந்தா அனுமாரு. நாலு காலும் வாலும் இருந்தா நந்தி. அம்புட்டுதான்" என்று அண்ணாச்சி நின்ற நிலையில் பாடத்தை முடித்துவிட்டார்.

பாடத்தில் இல்லாத மணி ஒன்று வந்து சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் கட்டைவிரல் பட்டுப் பட்டு, மூக்கு, வாய், கை, கால் எல்லாம் கரைந்து, பிடிமேல் ஒரு கொழுக்கட்டை மட்டும் உட்கார்ந்திருந்தது. ஆனால் நாதம் அப்படியொரு நாதம். அடித்துவிட்டுப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். நாமம் போட்டவர் வீட்டு மாமி ஒருத்தி அந்த நாதத்தில் மயங்கிவிட்டாள். மணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாருடா அம்பி இது?" என்றாள். கருடனாக இருக்கலாம், அனுமாராகவும் இருக்கலாம் மாமி, இறக்கை மாதிரியும் தெரிகிறது, வால் மாதிரியும் தெரிகிறது என்றேன். மாமி கொழுக்கட்டையைத் தடவிக்கொண்டே யோசித்துவிட்டுச் சொன்னாள்: "யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும்டா அம்பி, நந்தியா மட்டும் இல்லாம இருந்தா சரி."

ஆமைக்கு இடமில்லை

பூஜைச் சங்கை வைப்பதற்கு மூன்று கால் உள்ள ஒரு சின்னத் தாங்கி உண்டு. பழசில் பெரும்பாலும் அடியில் ஓர் ஆமை இருக்கும். உலகத்தைத் தாங்குகிறவர், சங்கையும் தாங்கட்டும் என்று அந்தக் காலத்து ஆட்கள் வைத்திருப்பார்கள் போல. ஆனால் நம்மவர்களுக்கு ஆமை என்றால் உள்ளூர ஒரு பயம். கோயிலில் இருந்தால் கும்பிடுவார்கள். வீட்டுக்குள் கொண்டு போகச் சொன்னால் கை இழுக்கும்.

பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். தாங்கி அவருக்குப் பிடித்துவிட்டது. அந்த அம்மாள் ஆமையைக் கண்டதும் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டாள். இது ஆமை இல்லை அம்மா, தாமரை மொட்டு, நாலு பக்கமும் இதழ் விரிந்திருக்கிறது பாருங்கள் என்று நான் ஆமையின் நாலு காலையும் காட்டிப் பொய் சொன்னேன். இதழுக்கு நகம் உண்டா என்று அவள் கேட்டாள். ஆமை புகுந்தால் வீட்டில் ஒன்றும் தங்காதாமே என்று கணவரிடம் அழமாட்டாத குறையாகச் சொன்னாள். அவர் சங்குத் தாங்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார்: "ஒரே ரூம்ல ஏழு பேர் படுத்துண்டிருக்கோம். அது புகணும்னு நெனைச்சாலும் கால் வைக்க இடம் வேணுமோல்லியோ?"

ஒற்றை விளக்கு

குத்துவிளக்கு ஜோடியாகத்தான் வரும். உச்சியில் ஆளுக்கொரு அன்னம். எதிரும் புதிருமாக நிறுத்தினால் இரண்டு அன்னமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். அப்படி நிறுத்துவதற்காகவே பறவையைக் கொஞ்சம் திருகித் திருப்பிக்கொள்ள வசதி இருக்கும். ஒரு ஜோடியை வாசல் பக்கம் நிறுத்தி வைத்திருந்தேன்.

லாட்ஜில் தங்கியிருக்கும் குமாஸ்தா ஒருவர் தினமும் மெஸ்ஸுக்குப் போகும் வழியில் நின்று பார்ப்பார். தலை நரைக்கத் தொடங்கியவர். ஒரு நாள் உள்ளே வந்து ஒன்று மட்டும் போதும் என்றார். நான் கல்யாணத் தரகர் குரலை எடுத்துக்கொண்டேன்: "ஜாதகம் பொருந்தின ஜோடி சார், பிரிச்சா பாவம், பொண்ணு எங்கே பார்க்கும், மாப்பிள்ளை எங்கே பார்ப்பார்?" மற்றவர்கள் என்றால் சிரித்திருப்பார்கள். அவர் விளக்கைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அன்னத்தின் தலையைத் தன் பக்கம் திருகினார். "என்னைப் பார்த்துண்டு இருக்கட்டும்பா. ரூம்ல வேற யாரும் பார்க்கறதில்லை" என்றார்.

ஐந்து தலை நாகம் போன கதை

கடையில் ஒரு நாகதீபம் இருந்தது. ஐந்து தலை நாகம் படம் விரித்து நிற்கும். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஒரு திரி. ஆரத்திக்கு எடுத்தால் பாம்பே தீயைச் சுமந்துகொண்டு ஆடுவது போலிருக்கும். பெரிய இடத்துக்காரர் யாராவது வருவார் என்று அண்ணாச்சி அதைத் துணி சுற்றி வைத்திருந்தார். ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். ஹலோ என்று என் தொண்டையிலிருந்து அண்ணாச்சி பேசினார். நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை அவருடைய போனைத் தொட்டதும் வாய் அவருடையதாகிவிட்டது.

அந்தப் பக்கம் செம்பூர் பஜனை மண்டலிக்காரர். உற்சவத்துக்கு அந்த நாகதீபத்தைச் சில நாள் இரவல் தர முடியுமா என்று மிகவும் தயங்கிக் கேட்டார். அவ்வளவு பயந்து பேசுகிறாரே என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம்ம சாமிக்கு இல்லாத விளக்கா? எடுத்துக்கிட்டுப் போங்க. திருப்பித் தரவே வேண்டாம், பாத்துக்கோங்க" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார், அதாவது நான். மறுநாள் அவர்கள் மாலையும் தேங்காயுமாகக் கும்பலாய் வந்து, அண்ணாச்சி கழுத்தில் மாலையைப் போட்டு, நாமாவளி சொல்லி, தீபத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு திரியைக்கூட இனாமாகக் கொடுத்தறியாத மனிதர் மாலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். எல்லோரும் போன பிறகு மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சத்தம் போடாமல் சொன்னார். அவர் சத்தம் போடாமல் பேசி நான் கேட்டது அன்றுதான். "இன்னொரு தடவை உன் வாயிலேருந்து என் குரல் வந்துச்சோ, அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிரணும், கேட்டியா?"

மத்தியானக் கச்சேரி

மாதுங்காவில் மத்தியானம் கடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அண்ணாச்சி சாப்பிட்டுப் படுக்க வீட்டுக்குப் போய்விடுவார். சந்து தூங்கும். நான் பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே, ஒரு பாவ் ரொட்டியும் சாயும் முடித்துவிட்டு, சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். ஆரம்பத்தில் அந்த நேரம் எப்படிப் போகும் என்றே தெரியாமல் திண்டாடினேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். நந்திக்கு மெஸ் மேனேஜர் குரல் கொடுத்தேன்: "ரசம் இன்னொரு தரம் கிடையாது ஓய்." கருடனுக்கு டிக்கெட் செக்கர் குரல்: "டிக்கட் திகாவோ, ஃபர்ஸ்ட் கிளாஸா இது?" ஆமைக்கு வட்டிக்குப் பணம் கொடுக்கும் பட்டாணியர் குரல். தாமரைத் தட்டுக்கு எதிர் பில்டிங் மாமி. எல்லோரும் சேர்ந்தால் சண்டை கட்டும். நான்தான் விலக்கி விடுவேன்.

இதில் எனக்கு நெருக்கமானவர் சாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் ஒரு பழைய திருவாசியின் உச்சியில் இருந்த முகம். பிதுங்கிய கண், கோரைப்பல், கீழே உடம்பு கிடையாது. பசி தாங்காமல் தன் உடம்பைத் தானே தின்றுவிட்டு, முகம் மட்டும் மிச்சமானவராம். அப்படித் தின்றதற்காகவே சாமி அவரை உயரத்தில் தூக்கி வைத்துவிட்டாராம். இதைச் சொன்ன அண்ணாச்சி, "உன்னை மாதிரிதாம்லே, வாய் மட்டும்தான் மிச்சம்" என்றும் சொன்னார். அந்த முகத்துக்கு நான், கப்பலுக்குப் போன என் அண்ணன் குரலைக் கொடுத்தேன். "அடுத்த மாசம் வந்துருவேம்லே. பேசாம இரு" என்று அவர் சொல்வார். சரி என்று நானும் பேசாமல் இருப்பேன். அந்த அமைதியில்தான் ஒரு நாள் ஷட்டருக்கு அடியில் ரஹீம் பாயின் தாடி குனிந்து எட்டிப் பார்த்தது. கடைக்குள் ஒவ்வொரு மூலையாகக் கண்ணை ஓட்டினார். "உள்ளே இத்னா, இவ்ளோ ஆள் இருக்கான். எனக்கு ஒரு சாய் சொல்றதுக்கு ஒரு ஆள் இல்லையா?" என்றார்.

அன்னம் இறங்கும், சிலுவை ஏறும்

தாராவியில் எங்கள் சர்ச் ஆட்களுக்கும் வீட்டில் குத்துவிளக்கு வேண்டும். ஊரில் அம்மா வீட்டுச் சீராக வரும் விளக்கில் உச்சியில் சிலுவை இருக்கும். இங்கே புதிதாகச் செய்யச் சொல்லக் கட்டுப்படியாகாது. அதனால் எங்களிடம் பழைய விளக்காக வாங்கி, மேலே இருக்கும் அன்னத்தைத் திருகிக் கழற்றிவிட்டு, சிலுவையை மாட்டிக்கொண்டு போவார்கள். விளக்கு அதே விளக்கு, எண்ணெய் அதே எண்ணெய், உச்சியில் மட்டும் ஆள் மாற்றம். சிலுவை செய்வது ரஹீம் பாய், விற்பது திருநீறு பூசிய அண்ணாச்சி, மாட்டுவது நான். கழற்றிய அன்னங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போய் விழும். டப்பா ஏறக்குறைய நிறைந்துவிட்டது.

அப்படி மாட்டிக்கொண்டு போனவர்களில் எஸ்தர் அக்கா ஒருத்தி. அவள் ஒரு நாள் ஒட்டுச் சுவர் வீட்டுப் பொன்னம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பொன்னம்மாள் இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பது போல ஒரு பழைய விளக்கை வைத்திருந்தாள். மகளுக்குக் கல்யாணம். "எஸ்தருக்குச் செஞ்சு குடுத்த மாதிரியே எனக்கும் செஞ்சு குடுத்துரு, எய்யா" என்றாள். சரி அத்தே என்று விளக்கை வாங்கினேன். அவள் கிளம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எய்யா, சாப்பிட்டியா?" என்றாள்.

தோழர்களே, பம்பாயில் என்னிடம் விலை கேட்டவர்கள் உண்டு, வழி கேட்டவர்கள் உண்டு, இதில் எத்தனை பங்கு செம்பு என்று கேட்டவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை அண்ணன் போன பிறகு ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அவள் தலை மறைந்ததும் அலமாரியில் இருந்ததிலேயே நல்ல சிலுவையைத் தேடி எடுத்தேன். மூன்று நுனியிலும் மொட்டு விரிந்திருக்கும் சிலுவை. இது என் இனாம் என்று தீர்மானித்துக்கொண்டேன். அன்னத்தைக் கழற்றி டப்பாவில் போட்டேன். மற்ற விளக்குகளில் சிலுவையின் அடியை அராவித் திருகி மட்டும்தான் விடுவோம். இதற்கு ஈயம் ஊற்றி, என்றைக்கும் ஆடாதபடி ஒட்டித் தரச் சொல்லி ரஹீம் பாயிடம் நின்றேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஈயத்தை ஊற்றினார். கடைசியில் துருத்தியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்னா பக்கா ஒட்டணுமா? யார் அந்தப் பொம்பளை, உன் அம்மாவா?"

எந்த அன்னம்

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், அண்ணாச்சி சாப்பிடப் போன பிறகு, பொன்னம்மாள் தனியாக வந்தாள். காகிதத்தைப் பிரித்து விளக்கை அவள் முன்னால் நிறுத்தினேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"இது என்னதுய்யா?" என்றாள்.

"சிலுவை அத்தே. எஸ்தர் அக்காவுக்குப் போட்ட மாதிரி."

"அவ விளக்கு பளபளன்னு இருந்துச்சேன்னு, அந்த மாதிரி தேய்ச்சிக் குடுன்னுல்லா சொன்னேன். நாங்க அம்மன் கும்புடுற ஆளுகய்யா." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ராஜுன்னு பேரை வச்சுக்கிட்டு நீ சிலுவையைக் கொண்டாந்து ஏத்துவேன்னு நான் கண்டேனா?"

"என் பேரு ஜெபராஜ் அத்தே."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்களாம். வேதக்கார எஸ்தர் வீட்டுச் சுவரோடு சுவராய்க் குடியிருக்கிறார்கள், பெண் எஸ்தர் மகளோடு சேர்ந்து சர்ச் கீர்த்தனை பாடுகிறாள், நாளைக்கு எந்தப் பக்கம் சாய்வாளோ என்று. விடிந்தால் அவர்கள் வந்து விளக்கேற்றிப் பெண்ணை அழைத்துப் போக வேண்டும். "இதைப் பாத்தா போதும். வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிருவாக" என்றாள். அவள் கண்ணைத் துடைத்தது முந்தானையால் இல்லை, நான் விளக்கைச் சுற்றி வைத்திருந்த காகிதத்தால்.

ரஹீம் பாய் துருத்தியை ஊதி நெருப்பை மூட்டினார். ஊற்றியதைவிட உருக்கி எடுப்பதற்கு அதிக நேரம் பிடித்தது. எப்படியோ சிலுவை இறங்கியது. இனி அவளுடைய அன்னத்தை எடுத்து மாட்ட வேண்டியதுதான். டப்பாவைக் கவிழ்த்தேன். அன்னங்கள் தரையெல்லாம் உருண்டன. "உங்களுது எது அத்தே?" என்றேன். "கண்ணுக் குழியில குங்குமம் அப்பியிருக்கும். நான் வாக்கப்பட்ட நாள்லேருந்து வச்சது" என்றாள். முந்தின வாரம் ஒரு மத்தியானம் பொழுது போகாமல் டப்பாவிலிருந்த அத்தனை அன்னத்தையும் புளி போட்டுத் தேய்த்திருந்தேன். எல்லாக் கண்ணும் பளிச்சென்று காலியாக என்னைப் பார்த்தன.

ஒரே வழிதான் இருந்தது. பழைய விளக்குகளில் திருகு மரையைக் கையால் வெட்டியிருப்பார்கள். ஒரு விளக்கின் அன்னம் இன்னொரு விளக்கில் இறங்காது. இரண்டு சுற்று போய் அடைத்துக்கொள்ளும். எது கடைசிவரை இறங்குகிறதோ அது இந்த வீட்டுப் பறவை. ஒவ்வொன்றாக வைத்துத் திருகிப் பார்க்கத் தொடங்கினேன். எதிரே அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். யாராவது எதிரே அழுதால் எனக்குக் கை ஓடாது. வாய்தான் ஓடும். அடைத்துக்கொண்ட முதல் அன்னத்தைக் கழற்றும்போது அது லாட்ஜ் மேனேஜராகப் பேசியது: "ரூம் காலி இல்லே சார், வேற இடம் பாருங்கோ." அடுத்தது தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் மாட்டி, இடிக்காதே, முன்னால் போ என்று கத்துகிறவன்: "அரே, ஆகே படோ, தக்கா மத் மாரோ." அதற்கடுத்தது எதிர் பில்டிங் மாமி: "இந்த வெளக்குல நான் உக்காரமாட்டேன், எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு." பொன்னம்மாள் காகிதத்தை முகத்திலிருந்து இறக்கினாள். உதட்டோரம் அசைந்தது. எனக்கு அது போதவில்லை, இன்னும் வேண்டியிருந்தது. கையில் வந்த கொழுத்த அன்னம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தேன். "ஏலே, என்னை எடை போட்டியாலே? எடை போடாம எவம்லே என்னைத் தூக்குனது, சவத்துப் பயலே" என்றது அந்த அன்னம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

ஷட்டருக்கு அடியில் குனிந்த நிலையில் அண்ணாச்சி நின்றிருந்தார். கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு அதை எடுக்க வந்தவர்.

ரஹீம் பாய் இரண்டே வரியில் நடந்ததைச் சொன்னார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. வேட்டியை மடித்துக்கொண்டு விளக்குக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஓர் அன்னத்தை எடுத்தார், திருகினார், அடைத்தது, ஓரமாக வைத்தார். அடுத்ததை எடுத்தார். மரை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. தரையில் கிடந்ததில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தபோது ஒன்று அவர் விரலில் சுற்றியது, நிற்காமல் சுற்றியது, கடைசிவரை போய் விளக்கோடு விளக்காக உட்கார்ந்தது. அவர் அதைக் கால் சுற்று பின்னால் திருப்பி, அதன் முகம் பொன்னம்மாளைப் பார்க்கும்படி வைத்தார்.

அவள் விளக்கை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு எல்லாரும் வந்துருங்க" என்றாள். எல்லாரும் என்றால் நானும்தான் என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் துருத்தியைக் கட்டிக்கொண்டிருந்த ரஹீம் பாயைத் தாண்டும்போது நின்று, "பாய், சாப்பிட்டீரா?" என்றாள். சந்து முனையில் பாரவண்டிக்காரனிடமும் எதையோ கேட்டாள், அவனும் தலையை ஆட்டினான். அவள் எல்லோரையும் கேட்கிறவள்.

நான் பரணில் ஏறி என் தகரப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்து அண்ணாச்சி முன்னால் வைத்தேன். அவர் குரலுக்கு அவரே போட்ட விதிதானே. எங்கே போவது என்று மட்டும் யோசித்திருக்கவில்லை. அண்ணாச்சி சிதறிக் கிடந்த அன்னங்களை டப்பாவில் பொறுக்கிப் போட்டு, மூடியை அழுத்தி மூடி, எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் பேசும்போது கழுத்தை இடப்பக்கம் லேசாச் சாய்ப்பேம்லே. அது உனக்குச் சுத்தமா வரல. பெட்டியை மேல வை."

ஆகவே தோழர்களே, பழைய பித்தளைக் கடை வேலை என்பது, ஊரில் உள்ள பறவைகளுக்கெல்லாம் அதனதன் மரையைத் தேடிப் பொருத்தி அனுப்பிவிட்டு, நாம் மட்டும் இன்னும் டப்பாவிலேயே கிடப்பது.